வேண்டாம் என்றவரின் கட்டிலருகே

போன மாதம் என்னைப் பார்க்க வந்த ஒரு பெண், நர்ஸ் வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகாதவள், உட்கார்ந்ததும் உட்காராததுமாக அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கவாதத்தில் படுத்திருந்த ஓர் ஆசிரியரைத் துடைத்துவிடப் போயிருக்கிறாள். "என்னைத் தொடாதே, போ" என்று வார்டே கேட்கும்படி கத்திவிட்டாராம். நல்லது செய்யப் போன இடத்தில் திருடியைப் போல நிற்கவேண்டியதாயிற்று என்றாள். மருந்து எப்படிக் கொடுப்பது, கட்டு எப்படிப் போடுவது என்பதெல்லாம் நர்ஸ் படிக்கும் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பெண்ணிடம் அன்று சொன்னதை உங்களுக்காக எழுதிவைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது திருவனந்தபுரம் திருவிதாங்கூர்-கொச்சியின் தலைநகரம். எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். அப்போது அதுவும் அதே ராஜ்யத்தில்தான் இருந்தது. வேதக்கோவில் பள்ளிக்கூடத்தில் படித்து, நர்ஸ் படிப்பு முடித்து, நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் வேலை கிடைத்தது. வெள்ளைச் சேலையும் தலைக்குத் தொப்பியும் போட்டுக்கொண்டால் எந்தக் கட்டிலுக்கும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த வார்டுக்குத்தான் கரமனை அக்கிரகாரத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கல்யாணச் சமையல் செய்கிறவர். பெயர் வேண்டாம், வார்டில் எல்லோரும் 'சாமி' என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் அடைப் பிரதமன் பாயசம் கொதித்துக்கொண்டிருந்த பெரிய வெண்கல உருளி அடுப்பிலிருந்து சரிந்திருக்கிறது. கீழே பாக்கு வெட்டிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யோசிக்க நேரமில்லை, இரண்டு கைகளாலும் உருளியைத் தாங்கிப் பிடித்துவிட்டார். பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெல்லப்பாகு கலந்த பிரதமன் அவர் கைகளில் வழிந்து ஒட்டிக்கொண்டது. வெந்நீர் என்றால் வழிந்து போய்விடும். இது போகாது. விரல்நுனியிலிருந்து முழங்கைவரை வெந்திருந்தது.

முதல் சில நாட்கள் காய்ச்சலும் வலியும். வலிக்கு ஊசி போட்டால் தூங்குவார், விழித்தால் முனகுவார். மூக்கு வைத்த கிண்ணத்தில் பாலும் கஞ்சித் தண்ணீருமாக நான் வாயில் ஊற்றினால் விழுங்கிவிடுவார். யார் ஊற்றுகிறார்கள் என்று பார்க்கிற நிலையில் அவர் இல்லை. காய்ச்சல் இறங்கியது. ஒரு காலை, முகம் தெளிந்து, என்னை முதன்முறையாக நன்றாகப் பார்த்தார். கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு வாய் குடியுங்க சாமி."

"வேண்டாம்மா."

"வெறும் வயித்துல மருந்து குடிக்கக் கூடாது."

"அப்போ மருந்தும் வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு பொருளை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதுபோலச் சொன்னார். மதியமும் வேண்டாம், மாலையும் வேண்டாம். மறுநாளும் அப்படியே. உதடு மட்டும் நனைய இரண்டு மிடறு தண்ணீர் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். பார்க்க வந்த மனைவியையும், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இங்கே வந்து நிற்காதே, வீட்டைப் பார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

எங்கள் வார்டு உதவியாள் தங்கம்மா நெய்யாற்றின்கரைக்காரி. கிண்ணத்தோடு நான் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு அருகில் வந்து, "அந்தாளுக்கு நம்ம ஜாதிக் கை பற்றாது கொச்சே. காய்ச்சல்ல தெரியாம குடிச்சாரு. இப்போ தெளிஞ்சாச்சு இல்லே? போட்டும், விட்டுக்கள" என்றாள்.

எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. அவள் வாயால் கேட்டதும் உறுதியாகிவிட்டது. என் அம்மா சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் ஆட்கள் அக்கிரகாரத் தெருக்கள் வழியாக நடக்க முடியாது. அம்மா அதைப் பெரிதாகச் சொன்னதில்லை, ஆனால் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவின் பிள்ளை படித்து, உடுப்பு மாட்டிக்கொண்டு, வெந்த கைக்காரருக்குப் பால் கொண்டுபோனாலும் வேண்டாம் என்கிறார்கள் பார் என்று மனதுக்குள் ஒன்று குமைந்தது. துணி அலமாரிக்குப் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் படுக்கைவிரிப்புகளை மடித்தேன். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த விரிப்புகள்தான்.

மூன்றாம் நாள் காலைச் சுற்றில் டாக்டர் அவருடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். முகம் மாறியது. வார்டு சிஸ்டரிடம் மலையாளத்தில் பேசிவிட்டு என் பக்கம் திரும்பி, எனக்காகப் பாதி தமிழில் சொன்னார்: "இவ்வளவு வெந்த உடம்பு ஆகாரமில்லாம ஆறாது. சாயங்காலம் ஞான் வரும்போழேக்கும் ஒண்ணும் உள்ளே போகலைன்னா மூக்கு வழியா ட்யூப் இடணும். கையைக் காலைப் பிடிச்சாவது இடணும். வேறே வழியில்ல."

வேறு வழியில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிடிக்கப்போகிறவர்களில் நானும் ஒருத்தி. புண்ணாயிருக்கும் கைகளை ஒரு மனிதர் உதறுவார், அவற்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதை நினைத்தபோது என் வருத்தம் சற்றுப் பின்னால் போனது. சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது. என் கைதான் ஆகாதென்றால் ஆகிற கையாகப் பார்த்துக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

நான்காவது கட்டிலில் குடல்வால் அறுவை முடிந்து ஒரு பெரியவர் இருந்தார். அவரும் அக்கிரகாரத்துக்காரர். அவருடைய மகன், செக்ரடேரியட்டில் குமாஸ்தா, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன, பேஷா கொடுக்கறேன்" என்று எழுந்து வந்தார். கை கழுவினார், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், நிரம்ப மரியாதையாக, "மாமா, கொஞ்சம் சாப்பிடுங்கோ. நம்மாத்துப் பருப்பும் சாதமும்தான். கரைச்சுக் கொண்டுவந்திருக்கேன்" என்று கரண்டியை நீட்டினார்.

சாமி கரண்டியைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார். "நீர் நன்னா இருக்கணும். வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குமாஸ்தா இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "என்ன மனுஷர் இவர்? நான் என்ன பண்ணிட்டேன்?" என்று கேட்டுக் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் அப்பாவின் கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் கரண்டியோடு அங்கேயே நின்றேன். அவர் கேட்ட கேள்வியைத்தான் நானும் இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய முகம் எப்படிச் சிவந்ததோ அப்படித்தான் என் முகமும் சிவந்திருக்க வேண்டும். அவருடைய கையும் ஆகவில்லை என்றால் இது என் கையைப் பற்றிய விஷயமே இல்லை. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஊரில் அந்தக் காலத்தில் ஜாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகவே இருந்தது. ஆனால் இந்தக் கட்டிலில் நடந்தது வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. குடியுங்கள் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கரண்டியையும் கிண்ணத்தையும் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். கையில் ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பாமல் இருந்தார்.

"சாமி, உள்ளதைச் சொல்லுதேன். சாயங்காலம் டாக்டர் வருவாரு. மூக்கு வழியா குழாய் போடணும்னு சொல்லியாச்சு. நீங்க அசையாம இருக்க ரெண்டு மூணு பேர் பிடிப்போம், நானும்தான் பிடிக்கணும். எனக்கு அதுல இஷ்டமில்ல. உங்களுக்கும் இருக்காது. எது வேண்டாங்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. கஞ்சி வேண்டாமா, நான் வேண்டாமா?"

கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கஞ்சி வேண்டாம்னு யார் சொன்னா? பசி பிராணன் போறது."

"பின்ன?"

"கரண்டி வருமா வருமான்னு பார்த்துண்டு, வாயைத் திறந்து வெச்சுண்டு கிடக்கணும். ஒரு வாய் முழுங்கறதுக்குள்ளே அடுத்தது வந்து நிக்கும். நீ ஒருத்தி, இங்கே இத்தனை பேர். நோக்கு அவசரம். போறும்னு சொல்ல வாயைத் திறந்தா அதையும் உள்ளே தள்ளிடறே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அது அப்படியே உண்மை. காய்ச்சல் நாட்களில் நான் அவருக்கு அப்படித்தான் ஊட்டினேன். ஒரு கண் கிண்ணத்தில், ஒரு கண் வாசல் கட்டிலில், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று. அவர் மயக்கத்தில் இருந்தார் என்று நான் நினைத்தேன். எல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது.

நான் சிரித்ததும் அவர் உதடும் கொஞ்சம் நெளிந்தது. "எப்போ வேணும், எவ்வளவு வேணும்னு நான்னா சொல்லணும்? கை போச்சு, என் இஷ்டத்துக்குன்னு அது ஒண்ணுதான் பாக்கி இருக்கு நேக்கு" என்றார்.

"டம்ளரைப் பக்கத்துல வெச்சுட்டு நான் போயிட்டா?"

"எடுக்கக் கை எங்கே?"

வார்டில் கண்ணாடிக் குழாய் இருந்தது. அதை வைத்து உறிஞ்சலாம். ஆனால் ஒரு சாண் நீளம்தான், டம்ளரை யாராவது வாயருகே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யாரும் நிற்கக் கூடாது என்பதுதானே அவருடைய வழக்கு. நீளமாக ஒன்று வேண்டும். ஜன்னலுக்கு வெளியே, சமையல்கட்டுக்குப் பின்னால், ஒரு பப்பாளி மரம் நின்றது. சின்ன வயதில் அந்த இலைக்காம்பை வெட்டி ஊதல் ஊதாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. உள்ளே பொள்ளல், முழங்கையைவிட நீளம். ஜன்னலைக் காட்டி, அந்தக் காம்பால் உறிஞ்சினால் ஆகுமா என்று அவரிடம் கேட்டேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தார். "முத்தின காம்பா வெட்டு. கொதிக்கற வெந்நீர்லே போட்டுப் பால் போக அலசணும். இல்லேன்னா நாக்கு பொத்துப்போயிடும்" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் வேலை சொன்னது அதுதான்.

தங்கம்மா சிரித்துக்கொண்டே போய் வெட்டி வந்தாள். வார்டு சிஸ்டர் தூரத்திலிருந்து பார்த்தார், சம்மதம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. முதுகுக்குத் தலையணை அடுக்கி அவரைச் சாய்த்து உட்காரவைத்தேன். கட்டிலோரத்து அலமாரிமேல் பாத்திரம் நிறைய வடிகட்டின கஞ்சியை வைத்து, காம்பின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை அவர் வாய்க்கு எட்டும்படியும் துணியால் கட்டினேன்.

"சரி, நீ போ" என்றார்.

அந்த வேலையிலேயே கடினமானது அதுதான், பிள்ளைகளே. போவது. காம்பு நழுவுமோ, புரையேறுமோ, கட்டில் கஞ்சியாகுமோ என்று கை பரபரக்கும். திரும்பிப் பார்த்தால் நிற்பது போலத்தான். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டுத்துணி சுருட்டும் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒருதரம் இருமினார். எழுந்துவிட்டேன். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். அப்புறம் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நிற்கும். மறுபடி கேட்கும். நிற்கிற நேரத்தை அவர்தான் வைத்துக்கொண்டார்.

மாலையில் டாக்டர் வந்தார். காம்பைப் பார்த்தார், அடி தெரிந்த பாத்திரத்தைப் பார்த்தார். சாமி அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் உறிஞ்சிக் காட்டினார். "கொள்ளாமல்லோ" என்றார் டாக்டர், நன்றாயிருக்கிறதே என்று. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதற்குப் பிறகு நடந்தது.

புண் ஆறியது. புதுத்தோல் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் விரல்களைத் தினமும் நனைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாக மடக்கி நீட்டாவிட்டால் கை அப்படியே கொக்கியாகிவிடும். இதை அவருக்குச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினோம். வாரா வாரம் வெளிநோயாளிப் பிரிவுக்கு வரச் சொன்னோம். வரவில்லை. என் விடுமுறை நாளில் நானே கரமனைக்குப் பஸ் ஏறிப் போனேன்.

அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தாள். என் வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். உள்ளேயிருந்து, "யாரது?" என்று அவர் குரல் கேட்டது.

"ஆஸ்பத்திரிலேந்து சிஸ்டர் வந்திருக்கா."

"வேண்டாம்னு சொல்லு."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. வாசல்படிக்கு வந்து தாழ்ந்த குரலில் பேசினாள். "தப்பா நினைச்சுக்காதீங்கோ. நீங்க வந்து போறதைப் பார்த்தா, இன்னும் கை சரியாகலைன்னு தெரு பூரா பேசிப்பா. வர்ற தையிலே ரெண்டு கல்யாணம் பேசி வெச்சிருக்கார். அதுவும் கைவிட்டுப் போயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்?"

"நான் சாதாரண சேலை கட்டிட்டு வாறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். தலையை மட்டும் அசைத்தாள். வேண்டாம்.

இந்தமுறை எனக்கு ஜாதி என்று தோன்றவில்லை, கோபமும் வரவில்லை. வந்தது பயம். உள்ளே இருக்கும் அந்த விரல்கள் ஒவ்வொரு நாளும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குரலை உயர்த்தி உள்ளே கேட்கும்படி சொல்லலாம். மிரட்டலாம். ஆனால் வீடு அவருடையது, கையும் அவருடையது. வேண்டாம் என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது, அது அற்பமான காரணமும் அல்ல.

படியில் நின்றபடியே என் இடது கையை நீட்டி, வலது கையால் ஒவ்வொரு விரலையும் எப்படி மடக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், வலித்தால் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று அவளுக்குச் செய்து காட்டினேன். அவள் இடுப்புக் குழந்தையின் விரல்களைப் பிடித்து அதேபோல மெல்லச் செய்து பார்த்தாள். "எப்ப வேணும்னாலும் ஆஸ்பத்திரிக்கு வரட்டும். எப்ப வந்தாலும் பாப்போம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுபடி போகவில்லை.

போகாமல் இருப்பது சுலபமாக இருக்கவில்லை. ஊருக்குப் போகிற பஸ் கரமனைப் பாலத்தைத் தாண்டித்தான் போகும். ஒவ்வொரு தடவையும் இறங்கிவிடலாமா என்று தோன்றும். பாலம் முடிகிறவரை ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விடுதியில் என்னோடு இருந்தவள், "உன் வேலையை நீ செஞ்சாச்சு, மறந்துடு" என்பாள். மறக்கவில்லை. மறக்க வேண்டியதும் இல்லை. நாற்பது கட்டில் வார்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள், என் கையை வேண்டும் என்றவர்கள். அவர்களிடம் என் வருத்தத்தைக் கொண்டுபோகாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். இன்னொரு காரியமும் செய்தேன். வெளிநோயாளிப் பிரிவில் இருந்தவர்களிடம் போய், இன்ன மாதிரி ஒருவர் வந்தால், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தேன். வேண்டாம் என்று சொன்னவர் திரும்பி வரும்போது அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதி வழியில் நின்றுவிடுகிறார்.

கல்யாண மாதங்கள் கழிந்து, கோடை தொடங்கியபோது வந்தார். என்னை அன்று வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். வரிசையில், தோளில் துண்டைப் போட்டு இரண்டு கைகளையும் அதற்குள் மறைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓடிப்போய்க் கூட்டிவந்து முதலில் உட்காரவைக்க வேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். அவர் முறை வந்தபோது தானே எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார்.

துண்டை எடுத்தார். வலது கை தேவலை. அவர் மனைவி செய்த வேலை அதில் தெரிந்தது. இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டியிருந்தன. அந்த இரண்டும் கடைசிவரை நிமிரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்னமே வந்திருந்தால் நிமிர்ந்திருக்கும். மற்றவற்றை, மழைக்காலம் முடியும்வரை வாரா வாரம் வந்து, மீட்டுக்கொண்டார். சட்டுவக் கரண்டி பிடிக்கிற அளவுக்குக் கை வந்தது. உருளி தூக்க இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு மறுபடி பந்திக்குச் சமைத்தார்.

அன்று அதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியாது. இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துவிட்டு, நான் ஏதாவது கேட்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது ஒன்றுதான்.

"தொடட்டுமா?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றார் சாமி.